ஆயிரம் வாட்டும் ஒரு துணிக்கொடியும்

நெருப்புக்கும் சக்கரத்துக்கும் அடுத்தபடியாக மனித குலம் கண்டுபிடித்த மகத்தான சங்கதி எது என்று கேட்டால் அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்லுவார்கள். அச்சு இயந்திரம் என்பார் ஒருவர். தடுப்பூசி என்பார் இன்னொருவர். அறிஞர்கள் பாவம், வேலை மிகுந்தவர்கள். எல்லாவற்றையும் அவர்களால் கவனிக்க முடிவதில்லை. சரியான விடை: 'ஐந்து ஒன்பது'.

விளக்க வேண்டியது நம் கடமை. உலகில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் என்று ஒரு மேன்மக்கள் கூட்டம் உண்டு. தேர்வு எழுதி உரிமம் வாங்கி, வீட்டில் ஒரு கருவி வைத்து, மொட்டை மாடியில் ஆன்டெனா என்று ஒரு கம்பி கட்டி, முன்பின் தெரியாத ஊர்களில் இருக்கும் முன்பின் தெரியாத மனிதர்களைக் கூப்பிட்டுப் பேசுகிறவர்கள். என்ன பேசுவார்கள்? 'நான் பேசுவது கேட்கிறதா?' என்று இவர் கேட்பார். 'கேட்கிறது. நான் பேசுவது கேட்கிறதா?' என்று அவர் கேட்பார். இருவருக்கும் கேட்கிறது என்பது நிரூபணமானதும், பேச வேறொன்றும் இல்லாத காரணத்தால், வாழ்த்துச் சொல்லி விடைபெறுவார்கள். பிறகு தபாலில் ஆளுக்கொரு அட்டை அனுப்பி, 'நமக்குள் பேச்சு நடந்தது உண்மை' என்று எழுத்து மூலம் உறுதி செய்துகொள்வார்கள். அந்த அட்டையைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவார்கள்.

எவ்வளவு நன்றாகக் கேட்டது என்பதற்கு மதிப்பெண் உண்டு. தெளிவுக்கு ஐந்து வரை, பலத்துக்கு ஒன்பது வரை. இரண்டிலும் முழு மதிப்பெண் வாங்கிய குரல்தான் 'ஐந்து ஒன்பது'. இங்கேதான் அந்தக் கூட்டத்தின் பண்பாட்டுக்கு நாம் தலை வணங்க வேண்டும். யாரும் யாருக்கும் அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்துப் போட்டதாகச் சரித்திரம் இல்லை. கிணற்றுக்குள் விழுந்த கொசு கூப்பிடுவது போலக் கேட்டாலும், 'ஐந்து ஒன்பது, அருமை, அற்புதம்' என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டு, 'உங்கள் பெயரை மறுபடி சொல்லவும்' என்பார்கள். 'ஊரையும் மறுபடி சொல்லவும். நடுவில் சொன்னதையும் மறுபடி சொல்லவும்.' பிறர் மனம் நோகாமல் உண்மையைச் சுற்றிக்கொண்டு போகும் கலையை வேறெந்த நாகரிகமும் இந்த உயரத்துக்குக் கொண்டுபோனதில்லை.

நம் பல் டாக்டர் அந்தக் கூட்டத்தின் மாணிக்கம். வானலையில் அவருக்குக் 'கடைவாய்' என்று செல்லப்பெயர்.

பல் டாக்டருக்கும் வானொலிக்கும் என்ன பொருத்தம் என்று கேட்பவர்கள் அவர் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. காலை முதல் மாலை வரை வாயைத் திறந்து வைத்திருக்கும் மனிதர்களோடுதான் அவர் பேசுகிறார். நாற்காலியைச் சாய்த்து, விளக்கை இழுத்து, உள்ளே கண்ணாடியும் கொக்கியும் உறிஞ்சு குழாயும் பஞ்சும் திணித்த பிறகு, "வலிக்குதா?" என்பார். "ஆ... ஆஆ... ஆ!" என்பார் நோயாளி. "அப்ப சரி" என்று டாக்டர் மேலே வேலையைப் பார்ப்பார். வருடக்கணக்காக இப்படிப் பழகியதில், பதில் என்ற ஒன்று இல்லாமலே உரையாடும் பேராற்றல் அவருக்குக் கைகூடிவிட்டது.

வீட்டின் முன்பக்கம் மருத்துவமனை. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், சாமான் போட்டுவைக்கக் கட்டிய சின்ன அறையில் வானொலி. பழைய பல் விளக்கின் மடங்கும் கையை வெட்டி மைக் தாங்கி செய்திருந்தார். நாலு சுவரிலும் அட்டைகள். எதிர்ச் சுவரின் நட்ட நடுவில் மட்டும் ஓர் அட்டை அளவுக்கு வெற்றிடம். அதைப் பற்றிப் பிறகு.

டாக்டரின் மனைவி வரவேற்பறையில் நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பொறுப்பில் இருந்தார். அம்மையாரின் குரல் அப்படிப்பட்டது: "அடுத்தது யாரு?" என்று ஒருமுறை கேட்டால், தெருமுனைக் கடையில் பழம் வாங்கிக்கொண்டிருப்பவர் தம்மை அறியாமல் வரிசையில் வந்து நிற்பார். தெருவெல்லாம் கேட்கும் அந்தக் குரல் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கேட்பதில்லை. அந்த இடம் டாக்டரின் இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருந்தது.

இதற்காக டாக்டரை யாரும் குறை சொல்ல முடியாது. அவர் ஒருநாளும் மனைவிக்குப் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. அம்மையார் எதைச் சொன்னாலும் உடனே, பணிவாக, "ரோஜர்" என்பார். வானொலிப் பாஷையில் அதற்கு 'நீங்கள் சொன்னது முழுவதும் வந்து சேர்ந்தது' என்று பொருள். கல்யாணமான புதிதில் இதை அவரே ஒரு மாலை முழுவதும் மனைவிக்குப் பாடமாக நடத்தியிருக்கிறார்.

மழைக்காலம் முடிந்து, மாடியில் ஒழுகாமல் இருக்கப் பூச்சுப் போட ஆட்கள் வந்துபோன மறுநாள், அம்மையார் வானொலி அறை வாசலில் வந்து நின்று ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். பிற்காலத்தில் இது சர்ச்சைக்கு உள்ளானதால் முழுமையாகத் தருகிறோம்.

"ஏங்க, பூச்சுப் போட வந்தவங்க மாடியில உங்க கம்பியிலேருந்து கேபிளைக் கழட்டிட்டாங்க. வேலையை முடிச்சுட்டுப் போயிட்டாங்க. திரும்ப மாட்டலை."

"ரோஜர்" என்றார் டாக்டர், காதில் ஹெட்போனோடு.

"அது பாட்டுக்குத் தரையில கிடக்குது. நம்ம பழைய கொடி வேற அறுந்துபோச்சு. அந்தக் கேபிளைத் தொட்டிக் குழாய்க்கும் தூணுக்கும் நடுவுல இழுத்துக் கட்டித் துணி காயப் போட்டுக்கட்டுமா?"

"ரோஜர்."

"நெஜமாத்தான் சொல்றீங்களா? அப்புறம் என் மேல பாயக் கூடாது."

"ரோஜர், ரோஜர்."

இவ்வாறு உரிய அதிகாரியிடமிருந்து உரிய முறையில், வலியுறுத்தலுடன், அனுமதி பெறப்பட்டது. கடல் கடந்து வந்த கேபிள் அது. அதில் ஓடும் சிக்னல் ஒரு துளிகூடச் சிந்தாது என்று பெயர். அதை வாங்கிவந்த நாளில் டாக்டர் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் உட்கார வந்தவரை 'குழந்தை தூங்குது' என்கிற முகத்தோடு தள்ளி உட்காரச் சொன்னார். மேற்படி கேபிள் அன்று முதல் போர்வைகளையும், டாக்டரின் வெள்ளைக் கோட்டுகளையும், வெளியில் சொல்லக் கூடாத சிலவற்றையும் சுமந்தது. அதன் ஒரு முனை கீழே வானொலியில். மறு முனை ஒரு தூணில், இரட்டை முடிச்சில்.

அன்று முதல் உலகத்துக்குக் காது கேளாமல் போயிற்று.

டாக்டர் கூப்பிட்டார், கண்டங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. தீவுகள் மௌனம் சாதித்தன. உள்ளூர்க் காலைச் சபையில் மட்டும் எப்படியோ கொஞ்சம் கேட்டது, ஈரத் துணிகளின் புண்ணியத்தில். தினமும் காலையில் கருவியைத் திறந்துவைத்து ஒருவர் நலத்தை ஒருவர் விசாரிக்கும் சபை அது. தலைமை வகிப்பவர் லிஃப்ட் கம்பெனியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைவர் என்றே எல்லோரும் அழைத்தார்கள்.

"வாங்க வாங்க! சிக்னல் அஞ்சு ஒன்பது. அருமையா இருக்கு" என்றார் தலைவர். "யார் பேசுறதுன்னு மட்டும் மறுபடி சொல்லுங்க."

"கடைவாய் பேசுறேன் தலைவரே."

"அஞ்சு ஒன்பது. யாரு, கடை வைக்கப் போறீங்களா?"

"கடைவாய்!"

"ரொம்ப சந்தோஷம். கடை திறக்கிற அன்னிக்கு அவசியம் வந்துடுறேன்."

டாக்டருக்கு மகிழ்ச்சிதான். முழு மதிப்பெண் அல்லவா! ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ இடித்தது.

இந்தச் சமயத்தில்தான் பாறை வந்தது.

நடுக்கடலில் ஒரு பாறை இருக்கிறது. மரம் இல்லை, தண்ணீர் இல்லை, மனிதர் இல்லை. பறவைகள் உண்டு, அவையும் கோபத்தில் இருக்கின்றன. எத்தனையோ வருடங்களுக்கு ஒருமுறை, ஏழெட்டு வானொலிக்காரர்கள் கப்பல் பிடித்து, ஜெனரேட்டர் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பாறையில் இறங்குவார்கள். தலையில் ஹெல்மெட்டோடு கூடாரத்தில் உட்கார்ந்து, உலகத்தில் கூப்பிடுகிறவர்களுக்கெல்லாம் 'ஐந்து ஒன்பது, நன்றி, அடுத்தவர்' என்று சொல்வார்கள். ஒரு வாரம் சொல்லிவிட்டு, பறவைகள் கொத்திய இடத்தில் மருந்து போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள். அந்தப் பாறையின் அட்டை கிடைத்தவன் பிறவிப் பயன் பெற்றவன். சுவரின் நடுவில் இருந்த வெற்றிடம் அதற்குத்தான். இப்போது ஒரு குழு அங்கே கிளம்பியிருப்பதாகச் செய்தி வந்தது.

சென்ற முறை பாறை பேசியபோது டாக்டர் கல்லூரியில் பொம்மைத் தாடைக்குப் பல் கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த முறை பேசும்போது அவர் வாயில் சொந்தப் பல் இருக்குமா என்பது அவருக்கே தொழில் முறையில் சந்தேகம். ஆக, இந்த முறை விட்டால் விட்டதுதான். சபையில் எல்லோருக்கும் அந்த அட்டை கிடைத்து, இவருக்கு மட்டும் கிடைக்காமல் போனால்? தலைவர் தம் அட்டையைச் சபையில் வாசித்தே காட்டுவார். அந்த மனிதர் முதல் வரியிலிருந்து தபால் முத்திரை வரை விடமாட்டார்.

அன்று டாக்டர் ஒரு நோயாளியின் வலதுபக்கப் பல்லுக்குப் பதிலாக இடதுபக்கப் பல்லைத் தட்டிப் பார்த்து "இது ஆடுது" என்றார். அவ்வளவு கவலை.

தீர்வு கைபேசியில் வந்தது. ஆன்லைன் கடை ஒன்றில் ஆயிரம் வாட் ஆம்ப்ளிஃபயர். டாக்டரின் கருவி நூறு வாட்தான். அதன் வாயில் இந்தப் பெட்டியை மாட்டினால் குரல் பத்து மடங்கு. விலையோ, ஒரு கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போடும் செலவுக்கும் கீழே. படத்தில் கறுப்புப் பெட்டி, இரண்டு பெரிய திருகு குமிழ், அதை ஓர் இளம்பெண் ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். நல்ல பல்வரிசை. அதுவே டாக்டருக்குப் பாதி நம்பிக்கையைக் கொடுத்தது. வர்ணனையை ஏதோ ஓர் இயந்திரம் மொழிபெயர்த்திருந்தது: 'உங்கள் குரலுக்குப் புலியின் இடுப்பு. வெப்பத்தில் வெட்கப்படாது. குடும்பம் முழுவதும் வெளியேறும் சக்தி.'

ஆனால் அவசரப்பட டாக்டர் என்ன சின்னப் பிள்ளையா? அறிவியல் முறைப்படி, வாங்கியவர்களின் கருத்துகளைப் படித்தார்.

'பொட்டலம் அழகாகக் கட்டப்பட்டிருந்தது. இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

'தம்பிக்குப் பரிசாக அனுப்பினேன். தம்பியிடமிருந்து அதன்பின் தகவல் இல்லை. ஐந்து நட்சத்திரம்.'

'நான் வாங்கியது செருப்பு. நல்ல செருப்பு. ஐந்து நட்சத்திரம்.'

'முதல் நாளே புகை வந்தது. ஆனால் விற்பனையாளர் மரியாதையாகப் பேசினார். ஐந்து நட்சத்திரம்.'

எல்லாவற்றுக்கும் மேலே மகுடம் வைத்ததுபோல் ஒன்று: 'என் குரல் கடல் தாண்டியது. என் மனைவியே கேட்டாள். ஐந்து நட்சத்திரம்.'

டாக்டர் அதை மறுபடி மறுபடி படித்தார். மனைவியே கேட்டாளாமே! அப்படிப்பட்ட பெட்டிக்குக் கடலெல்லாம் ஒரு தடையா?

விஷயம் காலைச் சபையில் விவாதத்துக்கு வைக்கப்பட்டது. தலைவர் இருமி, சபை கூடியதாக அறிவித்தார். கணக்குத் தணிக்கையாளரான உறுப்பினர் ஒருவர் எழுந்தார். அதாவது மைக்கை அழுத்தினார். எதையும் நம்பாதவர் என்பதால் அவருக்குச் 'சந்தேகம்' என்று பெயர்.

"ஆயிரம் வாட்டுன்னு போட்டிருக்கான், எடை என்ன போட்டிருக்கான்?" என்றார் சந்தேகம்.

"என்னது?" என்றார் டாக்டர்.

"எடை! ஆயிரம் வாட் பெட்டியைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். இதை ஒரு பொண்ணு ஒத்தைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குது. உள்ள ஒரு விசிறியும் ஒரு செங்கல்லும்தான் இருக்கும்."

"செங்கல் இருந்தா எடை இருக்குமேய்யா" என்றார் தலைவர். "உமக்குச் சந்தேகப்படக்கூடத் தெரியலை. நான் கவனிச்சதைச் சொல்றேன். கடைவாயோட சிக்னல் திங்கட்கிழமை மட்டும் கொஞ்சம் தூக்குது. மத்த நாள் படுத்துடுது. இதுக்குக் காரணம் சூரியன். ஞாயித்துக்கிழமை பூமியில ஃபாக்டரியெல்லாம் லீவு. வானம் சுத்தமாகி, திங்கட்கிழமை அலை நல்லாப் போகுது."

சபை இந்தக் கண்டுபிடிப்பை மௌனமாக மெச்சியது. திங்கட்கிழமைதான் அம்மையார் போர்வைகளைத் துவைக்கும் நாள் என்பது விஞ்ஞானத்துக்கு எட்டவில்லை.

அப்போதுதான் சந்தேகம் கேட்கக் கூடாத ஒன்றைக் கேட்டார்.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஆன்டெனா, கேபிள் எல்லாம் ஒழுங்கா மாட்டியிருக்கான்னு மாடியில ஏறிப் பார்த்தீங்களா?"

ஒருவருடைய ஆன்டெனாவைச் சந்தேகிப்பது வானொலி உலகில் அவருடைய குலத்தைச் சந்தேகிப்பதற்குச் சமம்.

"என் ஆன்டெனாவையா? என் கேபிளையா?" என்றார் டாக்டர். "தலைவரே, இதையெல்லாம் கேட்டுக்கிட்டு நான் சபையில இருக்கணுமா?"

தலைவர் தீர்ப்பு வழங்கினார். "சந்தேகம், ஒண்ணு கேக்கிறேன். இன்னிக்குக் காலையில கடைவாய்க்கு நீர் என்ன மார்க் போட்டீர்?"

"அஞ்சு ஒன்பது."

"நேத்து?"

"நேத்தும் அஞ்சு ஒன்பதுதான். மரியாதை வேணாமா?"

"நானும் அதேதான் போட்டேன். சபையே போட்டுது. அஞ்சு ஒன்பது வாங்குற ஆன்டெனா எப்படிய்யா கெட்டுப்போகும்? கேள்வி தள்ளுபடி. பெட்டி வாங்கலாம்னு தீர்மானம். கடைவாய், உங்களுக்குச் சம்மதமா?"

"சம்மதம்!"

"அஞ்சு ஒன்பது. மறுபடி சொல்லுங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சந்தேகம் தம் சந்தேகத்துக்காக வருத்தம் தெரிவித்தார்.

இனி வீட்டில் ஒப்புதல். டாக்டர் சாப்பாட்டு மேஜையில் முழு ஆயத்தத்தோடு உட்கார்ந்தார். மனைவி மறுத்தால் சொல்ல வேண்டிய பதில்கள் தொண்டைக்குள் வரிசை கட்டி நின்றன. உடன் மைத்துனர் இருந்தார். அம்மையாரின் தம்பி, ஆன்லைன் கடைகளே கதி என்று வாழ்பவர். எப்போது வந்தாலும் கையில் புதுக் குடையோடு வருவார். மழை இல்லாத நாளிலும்.

"அத்தான், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார் மைத்துனர். "அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பொய்யா சொல்லுவான்?"

"வாங்கட்டுமேடா, யாரு வேணாம்னது?" என்றார் அம்மையார். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு தடவை மாடிக்குப் போயி, அந்தக் கேபிளை..."

"ரோஜர்" என்றார் டாக்டர். "நீ மறுப்பேன்னு எனக்குத் தெரியும். ஆனா நான் சொல்றதையும் கேளு. ஒரு மனுஷனுக்கு வாழ்க்கையில..."

"நான் மறுக்கலையே. வாங்குங்க. கேபிள் துணிக்கொடியா இருக்குன்னுதான்..."

"ரோஜர். ஆடம்பரம்னு சொல்லுவே. நகை வாங்கலாமேன்னு சொல்லுவே."

"யாரு சொன்னா?"

"உன் வாதத்துல நியாயம் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா பாறை திரும்ப வராது!"

இப்படியாக, எதிரில் யாரும் நிற்காத ஒரு விவாதத்தில் டாக்டர் போராடி வென்றார். வென்ற களைப்பில் இரண்டாவது முறை ரொட்டி போட்டுக்கொண்டார். மைத்துனர் கைதட்டினார். அம்மையார் தண்ணீர்க் குவளையை மேஜைமேல் வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டது.

பெட்டி வந்தது. கொண்டுவந்தவர் அதை ஒரு விரலில் தொங்கவிட்டிருந்தார். டாக்டருக்கு ஒரு கணம் சந்தேகத்தின் குரல் காதில் ஒலித்தது. "நவீனத் தொழில்நுட்பம்" என்று சொல்லி அதை அடக்கினார். பாறை ஏற்கெனவே பேச ஆரம்பித்திருந்தது. மறுநாள் மாலை கப்பல் ஏறிவிடுவார்கள். ஹெட்போனில் இரைச்சலுக்கு அடியில் ஊசி விழுந்ததுபோல் 'ஐந்து ஒன்பது, அடுத்தவர்' என்று கேட்டுக்கொண்டிருந்தது. அந்த அடுத்தவர் தாமாக இருக்கக் கூடாதா என்று டாக்டர் ஏங்கினார்.

பல் நாற்காலியில் அப்போது வங்கி மேலாளர் ஒருவர் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார். மரத்துப்போகும் ஊசி போட்டாகிவிட்டது. கன்னம் நிறையப் பஞ்சு.

"ஒரே நிமிஷம் சார். வாயை மூடாதீங்க" என்று டாக்டர் பின்னறைக்கு ஓடினார்.

பெட்டியை மாட்டினார். விசிறி சுற்றியது. இரண்டு திருகில் ஒன்று கையோடு வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மைக்கை அழுத்தி, வயிற்றிலிருந்து குரலை எடுத்து, "ஹலோ!" என்றார்.

அதன்பின் நடந்தவற்றை அவை நடந்த வரிசையிலேயே தருவது கடினம். பல் நாற்காலி தானாக உயர ஆரம்பித்தது. வங்கி மேலாளர், வாயை மூடாதே என்ற உத்தரவுக்குக் கட்டுப்பட்டு, திறந்த வாயோடு விட்டத்தை நோக்கிப் பயணமானார். அழைப்பு மணி ஓயாமல் அடித்தது. எதிர்வீட்டு மின்சார கேட் திறந்தது, மூடியது, மனம் மாறி மறுபடி திறந்தது. மாடியிலிருந்து அம்மையாரின் குரல் தெருவையே உலுக்கியது:

"என்னங்க! போர்வையிலேருந்து உங்க குரல் வருது!"

"ரோஜர்!" என்று மகிழ்ச்சியோடு கத்தினார் டாக்டர்.

"உங்க பனியன் 'ஹலோ'ங்குது!"

"ரோஜர்! ரோஜர்!"

பெட்டிக்கு அது தாங்கவில்லை. உலகத்துக்குச் சேர வேண்டிய சக்தியெல்லாம் தூணில் போட்ட இரட்டை முடிச்சு வரை போய், வழியில்லாமல் திரும்பி வந்து, வந்த வீட்டையே கொளுத்தியது. 'டப்' என்றது. விசிறி நின்றது. வெப்பத்தில் வெட்கப்படாத பெட்டி ஒரு நீண்ட, கறுத்த பெருமூச்சு விட்டு அடங்கியது.

"ஆஆ... ஆ... ஆஆ!" என்றார் வங்கி மேலாளர், விளக்கின் உயரத்திலிருந்து.

"அப்ப சரி" என்றார் டாக்டர், பழக்கதோஷத்தில்.

மறுநாள் மத்தியானம். புகை நாற்றம் போகவில்லை. மைத்துனர் ஆறுதல் சொல்ல வந்திருந்தார், குடையோடு.

"அத்தான், மனசைத் தளர விடாதீங்க. ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுட்டீங்கன்னா குடை அனுப்பிவைப்பாங்க."

"என்ன குடை?"

"எனக்கு அப்படித்தானே இத்தனை குடை வந்துச்சு. வாங்காமலே எழுதலாம். உங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதே, 'என் மனைவியே கேட்டாள்'னு ஒண்ணு, அதுகூட நான் எழுதினதுதான்."

"உனக்குத்தான் கல்யாணமே ஆகலையே!"

"அதனாலதான் அத்தான் அவ்வளவு நம்பிக்கையா எழுத முடிஞ்சுது."

டாக்டர் எழுந்தார். தனியாக நின்று கண்ணீர் விட ஓர் இடம் வேண்டியிருந்தது. பூச்சுப் போட்டதற்குப் பிறகு முதல்முறையாக மாடிப்படி ஏறினார். கதவைத் திறந்து ஓரடி வைத்ததும், ஈர வெள்ளைக் கோட்டு ஒன்று காற்றில் வீசி அவர் கன்னத்தில் ஓர் அறை கொடுத்தது. அவருடைய கோட்டுதான். ஒதுக்கினார். அடுத்து ஒரு போர்வை. அதையும் ஒதுக்கினார். கிளிப் கிளிப்பாகக் கையை நகர்த்திக்கொண்டே போனவரின் விரல்களுக்கு, கண்களுக்கு முன்பே, விஷயம் புரிந்துவிட்டது. இந்தக் கனம், இந்த வழவழப்பு, மடியில் வைத்துக் கொண்டுவந்த குழந்தை அல்லவா!

கூடையோடு அம்மையார் நின்றிருந்தார்.

"இது... என் கேபிள்."

"ஆமா."

"யாரு கட்டினது?"

"நான்தான். உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் கட்டினேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"ரோஜர்னீங்க. முழுசும் வந்து சேர்ந்துடுச்சுன்னு அர்த்தமாமே. நீங்கதானே பாடம் நடத்தினீங்க?"

சட்டப்படி அசைக்க முடியாத நிலை. டாக்டர் வாதாடவில்லை. நேரமும் இல்லை, கப்பல் கிளம்பப் போகிறது. இருவருமாகத் துணிகளை உருவினார்கள். இரட்டை முடிச்சை அம்மையார் பல்லால் கடித்து அவிழ்த்தார். பல்லுக்குக் கேடு என்று டாக்டர் எச்சரிக்கவில்லை, எப்பேர்ப்பட்ட நெருக்கடி என்று பார்த்துக்கொள்ளுங்கள். கேபிளைக் கம்பியில் மாட்டி, படிகளில் உருளாத குறையாக இறங்கி, பழைய நூறு வாட் கருவி முன் உட்கார்ந்தார்.

ஹெட்போனில் உலகம் கொட்டியது. கண்டங்கள், தீவுகள், பாறை, பாறையின் பறவைகள்கூட. கூப்பிட்டார். ஒருமுறை. பறவைக் கூச்சலுக்கு நடுவில் களைத்துப்போன ஒரு குரல் அவருடைய உரிமத்தில் உள்ள அழைப்புப் பெயரைப் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னது: 'ஐந்து ஒன்பது. நன்றி. அடுத்தவர்.'

டாக்டர் எழுந்து ஆடினார். மைக்கை முத்தமிட்டார். சுவரின் வெற்றிடத்தைத் தடவினார். கண்களில் நீர் தாரை தாரையாக வழிந்தது. "கேட்டுடுச்சு! அங்க நான் பேசுறது கேட்டுடுச்சு!"

வாசலில், ஈரத் துணிக் கூடையை இடுப்பில் வைத்தபடி, அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

அந்த வீட்டின் வரலாற்றில் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டிய காரியம் ஒன்று அப்போது நடந்தது. டாக்டர் ஹெட்போனைக் கழற்றினார். இரண்டு காதிலிருந்தும். நாற்காலியை முழுவதுமாகத் திருப்பி, மனைவியைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இனிமே நான் சொல்றதுக்கு ரோஜர் சொல்லாதீங்க" என்றார் அம்மையார். சத்தம் போடவில்லை. தெருவில் யாருக்கும் கேட்டிருக்காது. "கேட்டா பதில் சொல்லுங்க. கேக்கலைன்னா கேக்கலைன்னு சொல்லுங்க, நான் திரும்பச் சொல்றேன். எனக்கு வாய் வலிக்காது. நாளைக்குப் புதுக் கொடி ஒண்ணு வாங்கிட்டு வாங்க, நீங்களே கட்டுங்க. சாயங்காலம் கொஞ்ச நேரம் இந்த ரூமைப் பூட்டிட்டு வந்து என்னோட உக்காருங்க. மனுஷனே இல்லாத பாறையிலேருந்து எவனோ ஒருத்தன் கேட்டான்னு அழுறீங்களே, நான் இத்தனை வருஷமா அடுத்த ரூம்லதான் இருக்கேன்."

டாக்டர் உருகிவிட்டார். இழுப்பறையைத் திறந்து, தம் பெயர் அச்சிட்ட அட்டைகளில் மூலை மடங்காத ஒன்றைத் தேடி எடுத்தார். நல்ல பேனாவால், பல் சான்றிதழுக்குக்கூடப் போடாத அழகான கையெழுத்தில் நிரப்பினார். 'நிலையம்: என் மனைவி. இடம்: அடுத்த அறை. சிக்னல்: ஐந்து ஒன்பது.' எழுந்து நின்று இரண்டு கைகளாலும் நீட்டினார்.

அம்மையார் கூடையைக் கீழே வைத்தார். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். படித்தார். அவர் முகம்கூட லேசாக மலர்ந்தது.

"அஞ்சு ஒன்பதா? அவ்வளவு தெளிவாவா கேட்டுச்சு?"

"அவ்வளவு தெளிவு! அருமை, அற்புதம்!" என்றார் டாக்டர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அந்த 'அடுத்த ரூம்'னு முடிச்சே பாரு, அதுக்கு முன்னாடி சொன்னதை மட்டும் மறுபடி சொல்லேன்."